இஜிஎஃப் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒரே பட்டை வருவது ஏன்? வளர்ச்சிக் காரணியின் செய்தி செல்லுக்குள் போகும் விதம்

படிக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வெஸ்ட்வில் வளாகத்தில் ஆனர்ஸ் ஆய்வுக்காக எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறீர்கள். ஆறு குழித் தட்டில் பாதிக் குழிகளுக்கு இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் வீதம் சேர்த்தீர்கள். 30 நிமிடம் கழித்துச் செல்களைக் கரைத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்போ-ஈஆர்கே, அதாவது பாஸ்பேட் ஏறிய ஈஆர்கே புரதம், பார்த்தீர்கள். சேர்த்த குழியிலும் சேர்க்காத குழியிலும் ஒரே கனத்தில் பட்டை. இஜிஎஃப் கெட்டுப்போய்விட்டதா, வெளியே ஒட்டும் புரதம் உள்ளே எப்படிச் செய்தி சொல்கிறது என்பவை உங்கள் கேள்விகள். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் சித்தியின் பயாப்ஸி அறிக்கையில் 'ஹெர்2 3+' என்று இருக்கிறதே, அதுவும் இதே குடும்பமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இஜிஎஃப் கெட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எடுத்த செல், பார்த்த நேரம், செல்களைப் பட்டினி போட்ட (இஜிஎஃப்புக்கு முன் சீரத்தை நீக்கி வைத்த) விதம் ஆகிய மூன்றும் சேர்ந்து விடையை மறைத்திருக்கின்றன. இந்த மூன்றிலும் முதலாவதுதான் பெரிய காரணம். ஆனால் அதைச் சொல்லுமுன் செல்லின் சவ்வில் நின்று காரணியைப் பிடிக்கும் புரதமான ஏற்பியின் வேலையைப் புரிந்துகொள்வது நல்லது. வளர்ச்சிக் காரணியின் செய்தியை 'இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும் பார்ப்பதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. எப்போது ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது, எது அதை அணைத்தது என்று பார்க்க வேண்டும்.

இஜிஎஃப் 53 அமினோ அமிலங்களே உள்ள சின்னப் புரதம், எடை சுமார் 6 கிலோடால்டன். மூன்று டைசல்பைடு பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருப்பதால் எளிதில் அவிழாது. ஸ்டான்லி கோஹன் இதை எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். அந்தச் சாற்றை ஏற்றிய எலிக்குட்டிகள் வழக்கத்துக்கு முன்பே கண் திறந்தன, பல்லும் முன்பே முளைத்தது. 1986-இல் அவருக்கும், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் ஏற்பியான இஜிஎஃப்ஆர் சவ்வை ஒரே ஒரு முறை துளைத்து நிற்கும் நீளமான புரதம், எடை சுமார் 170 கிலோடால்டன். வெளிப்பக்கத்தில் நான்கு பகுதிகள், நடுவில் சவ்வைக் கடக்கும் ஒரு குட்டைச் சுருள், உள்ளே பாஸ்பேட்டை ஏற்றும் நொதியான கைனேஸ், அதன் பின்னால் தொங்கும் வால். காரணி வராத நேரத்தில் வெளிப்பக்கத்தின் இரண்டாம் பகுதி நான்காம் பகுதியோடு கொக்கி போட்டு மடங்கிக் கிடக்கும். இஜிஎஃப் வந்து முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் ஒருசேரப் பிடிக்கும்போது கொக்கி விடுபட்டு ஏற்பி நிமிர்கிறது. அதுவரை ஒளிந்திருந்த இரண்டாம் பகுதியின் நீட்சி வெளியே வந்து, பக்கத்தில் அதேபோல் நிமிர்ந்து நிற்கும் இன்னொரு ஏற்பியைப் பற்றுகிறது. இங்கே பலரும் தவறாக நினைப்பது ஒன்றுண்டு: இரண்டு ஏற்பிகளையும் இஜிஎஃப் நடுவில் நின்று பசைபோல் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு இஜிஎஃப்பும் தன் ஏற்பியின் வெளியோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஏற்பியும் ஏற்பியும்தான் நேரடியாகத் தொட்டுக்கொள்கின்றன. 2002-இல் வெளிவந்த படிக அமைப்புகள் இதைத் தெளிவாகக் காட்டின.

உள்ளே நடப்பது இன்னும் அழகானது. இரண்டு கைனேஸ்களும் சமமாக எதிரெதிரே நிற்பதில்லை. ஒன்றின் கீழ்மடல் மற்றதன் மேல்மடலில் அழுந்துகிறது. அழுத்தப்பட்ட கைனேஸ் வேலை செய்யும் வடிவத்துக்கு வந்து, எதிராளியின் வாலில் உள்ள டைரோசின்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. இந்தச் சமச்சீரற்ற சோடி 2006-இல் விளங்கியது. இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை: தனியாக இருக்கும் ஏற்பிக்குக் காரணி கிடைத்தாலும், சோடி இல்லாவிட்டால் உள்ளே ஒன்றும் நடக்காது.

ஆக, சவ்வைத் தாண்டி இஜிஎஃப் உள்ளே போய்ச் செய்தி சொல்வதில்லை. வெளியே நடந்த வடிவ மாற்றம் உள்ளே பாஸ்பேட்டாக மாறுகிறது, அவ்வளவுதான். பாஸ்பேட் ஏறிய டைரோசின் ஒவ்வொன்றும் அதைச் சுற்றியுள்ள அமினோ அமிலங்களைப் பொறுத்து வெவ்வேறு புரதத்தை அழைக்கும். 1068-ஆம் டைரோசின் ஜிஆர்பி2-வை இழுக்கும், 992 பிஎல்சி-காமாவை, 1045 சிபிஎல்-ஐ. ஜிஆர்பி2 தன்னோடு எஸ்ஓஎஸ்-ஐக் கூட்டி வரும். எஸ்ஓஎஸ், சவ்வில் ஒட்டியிருக்கும் ராஸிடமிருந்து குவனோசின் இருபாஸ்பேட்டைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பாஸ்பேட் அதிகமுள்ள குவனோசின் முப்பாஸ்பேட் ஏற வழிசெய்யும். அது ஏறிய ராஸ் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கை, மெக் ஈஆர்கே-யை. ஈஆர்கே-யில் ஒரு திரியோனின், ஒரு டைரோசின் என இரண்டு இடங்களில் பாஸ்பேட் ஏறினால்தான் முழு வேகம் வரும். உங்கள் பாஸ்போ-ஈஆர்கே ஆன்டிபாடி தேடுவது இந்த இரண்டையும்தான். இன்னொரு பாதை பிஐ3கே வழியாக ஏகேடி-க்குப் போகிறது. ஏகேடி-யில் 308, 473 என்ற இரண்டு இடங்களைப் பார்ப்பார்கள்.

ஆன்டிபாடி வாங்கும்போது ஒரு விஷயம். 1068 என்று ஒரு நிறுவனமும் 1092 என்று இன்னொரு நிறுவனமும் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே டைரோசின்தான். புரதத்தின் தொடக்கத்தில் பின்னர் வெட்டப்படும் 24 அமினோ அமிலங்களைச் சேர்த்து எண்ணியவர்கள் 1092 என்கிறார்கள். அதேபோல் 1173-உம் 1197-உம் ஒன்று, 1045-உம் 1069-உம் ஒன்று. வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

இனி அணைப்பு. பாடப்புத்தகம் இதை ஓரிரு வரியில் முடித்துவிடுகிறது. ஆனால் செய்தியின் பொருளே இங்கேதான் இருக்கிறது. ஏற்பியில் பாஸ்பேட் ஏறிய அடுத்த நொடியிலிருந்தே பாஸ்படேஸ்கள் அதைக் கழற்றிக்கொண்டிருக்கின்றன. 1045-இல் வந்து உட்காரும் சிபிஎல், ஏற்பியில் யுபிக்விட்டினை ஒட்டுகிறது. அப்படிக் குறிக்கப்பட்ட ஏற்பி சவ்வோடு உள்ளே இழுக்கப்பட்டு, எண்டோசோம் என்ற பை வழியாக, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போய் அழிகிறது. எழுந்த ஈஆர்கே தன்னை எழுப்பிய எஸ்ஓஎஸ்-ஸையும் ராஃபையும் திரும்பி அடக்குகிறது. சற்று நேரம் கழித்து புதிதாக உருவாகும் டியூஎஸ்பி வகைப் பாஸ்படேஸ்கள் ஈஆர்கே-யின் பாஸ்பேட்டையே கழற்றுகின்றன. இவை எல்லாம் சேர்ந்துதான் பல செல்களில் பாஸ்போ-ஈஆர்கே 5 முதல் 10 நிமிடத்தில் உச்சம் தொட்டு, 30 முதல் 60 நிமிடத்துக்குள் அடித்தளத்துக்கு அருகே இறங்கிவிடுகிறது. நீங்கள் பார்த்தது 30-ஆவது நிமிடம் மட்டும். நல்ல செல்லாக இருந்திருந்தாலும் உச்சத்தைத் தவறவிட்டிருப்பீர்கள்.

இந்த நேரக்கணக்குக்கு என்ன மதிப்பு என்று காட்ட பிசி12 செல்களைவிடச் சிறந்த சான்று இல்லை. எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து வந்தவை அவை. இஜிஎஃப் கொடுத்தால் ஈஆர்கே சிறிது நேரம் எழுந்து அடங்கும், செல் பெருகும். நரம்பு வளர்ச்சிக் காரணி கொடுத்தால் அதே ஈஆர்கே மணிக்கணக்கில் எழுந்தே நிற்கும், செல் பெருகுவதை நிறுத்தி நரம்பிழைகளை நீட்டும். ராஸ், ராஃப், மெக், ஈஆர்கே எல்லாம் இரண்டிலும் அவையேதான். நேரம் மட்டும் வேறு.

ஒரே ஏற்பியில் ஒட்டும் காரணிகளுக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. இஜிஎஃப்ஆர்-இல் ஒட்டக்கூடியவை ஏழு: இஜிஎஃப், டிஜிஎஃப்-ஆல்ஃபா, ஆம்ஃபிரெகுலின், எச்பி-இஜிஎஃப், பீட்டாசெலுலின், எபிரெகுலின், எபிஜென். எண்டோசோமில் அமிலத்தன்மை ஏறும்போது டிஜிஎஃப்-ஆல்ஃபா ஏற்பியை விட்டுக் கழன்றுவிடும். ஏற்பி மீண்டும் மேற்பரப்புக்கு வந்துவிடும். இஜிஎஃப் கழலாமல் கூடவே இருக்கும்; அந்த ஏற்பி லைசோசோமுக்குப் போகும். எபிரெகுலினும் எபிஜெனும் உருவாக்கும் சோடி தளர்வானது. அதன் செய்தியோ நீண்டு நிற்கும். பலமாகப் பிடித்தால் நீண்ட செய்தி வரும் என்று நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு.

அளவும் இப்படித்தான். மில்லிலிட்டருக்கு 1, 2 நானோகிராம் கொடுத்தால் உள்ளிழுக்கப்பட்ட ஏற்பிகளில் பெரும்பங்கு மேலே திரும்பி வரும். 20-க்கு மேல் போனால் வேறு வழியிலும் உள்ளிழுக்கப்பட்டு நிறைய அழியும். 100 என்பது பெரும்பாலான சோதனைகளுக்குத் தேவைக்கு அதிகம். ஒரு மணி, இரண்டு மணி கழித்து மொத்த இஜிஎஃப்ஆர் பட்டையே மெலிந்துபோனால் அது பிளாட்டின் பிழை அல்ல, அழிப்பு ஒழுங்காக நடக்கிறது என்பதற்கான அடையாளம். அதனால் பாஸ்போ-இஜிஎஃப்ஆர்-ஐ மொத்த இஜிஎஃப்ஆர்-ஆல் வகுத்து மட்டும் காட்டாமல், அளவு மாறாத புரதங்களான ஆக்டின் அல்லது வின்குலினுக்கு எதிராகவும் காட்டுங்கள்.

உங்கள் செல்லுக்கு வருவோம். எம்டிஏ-எம்பி-231-இல் கேராஸ் மரபணுவில் ஜி13டி என்ற திரிபும், பிராஃப் மரபணுவில் ஜி464வி என்ற திரிபும் இருக்கின்றன. ராஸும் ராஃபும் மேலிருந்து யாரும் சொல்லாமலேயே எழுந்து நிற்கின்றன. அதனால் இஜிஎஃப் இல்லாத குழியிலும் பாஸ்போ-ஈஆர்கே கனமாகத்தான் இருக்கும்; இஜிஎஃப் சேர்த்தால் கூடுவதற்கு அதிகம் இடமில்லை. ஆனால் இந்தச் செல்களில் இஜிஎஃப்ஆர் நிறையவே உண்டு. எனவே புதிதாக எதுவும் செய்யுமுன், உறைவிப்பானில் மிச்சமிருக்கும் அதே கரைசலை எடுத்து பாஸ்போ-இஜிஎஃப்ஆர் 1068 பாருங்கள். இஜிஎஃப் குழியில் மட்டும் பட்டை தெரிந்தால் உங்கள் இஜிஎஃப் உயிரோடு இருக்கிறது, ஏற்பியும் வேலை செய்கிறது, சிக்கல் ராஸிலோ அதற்குக் கீழேயோ என்று ஒரே பிளாட்டில் தெரிந்துவிடும்.

ஈஆர்கே-யின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் செல்லை மாற்றுங்கள். ஹீலா நல்ல தேர்வு: ராஸில் திரிபு இல்லை, இஜிஎஃப்ஆர் போதுமான அளவு உண்டு, எழுச்சி கூர்மையாக வந்து இறங்கும். ஏ549-உம் எச்சிடி116-உம் வேண்டாம், இரண்டிலும் கேராஸ் திரிந்தது. எம்சிஎஃப்-7-இல் இஜிஎஃப்ஆர் குறைவு. பிஐ3கே மரபணுவிலும் திரிபு இருப்பதால் ஏகேடி-க்கு அது உதவாது. சிஎச்ஓ-வில் இஜிஎஃப்ஆர் இல்லை. வெளியிலிருந்து மரபணு ஏற்றிப் பார்ப்பதற்கு மட்டும் அது நல்லது. ஏ431-இல் செல்லுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் ஏற்பிகள். பாஸ்போ-இஜிஎஃப்ஆர் பட்டை கண்ணைப் பறிக்கும். ஆனால் அதிக இஜிஎஃப் அதன் வளர்ச்சியைத் தடுக்கவே செய்யும், பெருக்கச் சோதனைக்கு அதை எடுக்காதீர்கள்.

ஏ431 எடுத்தால் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 1 நானோகிராம் இஜிஎஃப்பில் சுமார் 10,000 கோடி மூலக்கூறுகள். ஒரு குழியில் 10 இலட்சம் ஏ431 செல்கள், செல்லுக்கு 20 இலட்சம் ஏற்பிகள் என்று வைத்தால் மொத்தம் 2 இலட்சம் கோடி ஏற்பிகள். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் வீதம் 1 மில்லிலிட்டர் ஊற்றினால் இருபது ஏற்பிக்கு ஒரு இஜிஎஃப்கூடத் தேறாது. கரைசலில் இருக்கும் செறிவு என்று நீங்கள் எழுதி வைக்கும் எண் சில நிமிடங்களில் பொய்யாகிவிடும். செல்லுக்கு 50,000 ஏற்பிகள் என்று ஹீலாவுக்குக் கணக்கிட்டால் மொத்தம் 5,000 கோடிதான். அங்கே இந்தத் தொல்லை மிகக் குறைவு. அளவு மாற்றிப் பார்க்கும் சோதனையில் செல் எண்ணிக்கையையும் ஊடகத்தின் கன அளவையும் எழுதாமல் விடக்கூடாது என்பது இதனால்தான். மோலார் கணக்கு வேண்டுமென்றால், 100 நானோகிராம்/மில்லிலிட்டர் என்பது சுமார் 16 நானோமோலார். 10 என்பது 1.6.

இஜிஎஃப் கரைப்பது பற்றி. உலர்தூளாக வரும் இஜிஎஃப் வழியில் ஓரிரு நாள் குளிர் இழந்தாலும் தாங்கும். ஜொகானஸ்பர்க்கிலிருந்து வரும் பெட்டியில் ஐஸ் உருகியிருந்தால் அதற்காக மட்டும் தூக்கி எறிய வேண்டாம். கரைத்த பிறகுதான் அது மென்மையானது. டர்பனின் கோடை ஈரத்தில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வையுங்கள். பிறகு சில நொடி சுழற்றித் தூளை அடியில் சேர்த்து, லேபிளில் சொன்ன கரைப்பானில் கரையுங்கள். வேறு எதுவும் சொல்லாவிட்டால் 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ (மாட்டுச் சீர அல்புமின்) கலந்த, கிருமிநீக்கிய பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) போதும். 100 மைக்ரோகிராம் குப்பிக்கு 1 மில்லிலிட்டர். வோர்டெக்ஸ் வேண்டாம், 10 நிமிடம் விட்டு மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள். 10 அல்லது 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு குழாய் ஒருமுறைதான். மிச்சத்தை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. பிஎஸ்ஏ இல்லாமல் நீர்த்த இஜிஎஃப் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிப்போகும், குழாயில் ஒன்றும் மிஞ்சாது.

பட்டினி போடுவது அடுத்தது. சீரத்தில் பிடிஜிஎஃப், ஐஜிஎஃப், எல்பிஏ என்று ஈஆர்கே-யை எழுப்பும் பல பொருள்கள் இருக்கின்றன. செல்கள் தட்டில் 70, 80 விழுக்காடு பரவியதும் சீரம் ஊடகத்தை எடுத்து, சீரமில்லாத ஊடகத்தில் இரண்டு முறை அலசி, 0 முதல் 0.5 விழுக்காடு சீரத்தில் 12 முதல் 18 மணி நேரம் விடுங்கள். சிலர் இங்கே அலசாமல் விடுகிறார்கள். தட்டின் அடியில் தங்கும் சொச்சச் சீரமே போதும் கெடுக்க. எம்சிஎஃப்-10ஏ போன்ற செல்களின் வழக்கமான ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இஜிஎஃப்பும் 10 மைக்ரோகிராம் இன்சுலினும் ஏற்கெனவே கலந்திருக்கும்; அவற்றையும் நீக்காமல் சீரத்தை மட்டும் எடுப்பது பட்டினி ஆகாது.

மின்வெட்டு 2022, 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்றாலும், பட்டினி இரவில் மின்சாரம் போய் வந்திருந்தால் அந்தத் தட்டைப் பயன்படுத்தாதீர்கள். வெப்பம் இறங்கி, கரியமில வாயு குறைந்து, ஊடகத்தின் பிஎச் ஏறினால் செல்கள் அழுத்தத்துக்கு உள்ளாகும். அழுத்தமே பி38, ஜேஎன்கே என்ற அழுத்தச் செய்திக் கைனேஸ்களை, சில செல்களில் ஈஆர்கே வரை எழுப்பிவிடும். இன்குபேட்டரின் பதிவுத் திரையைக் காலையில் பார்த்துக் குறித்துவைப்பது நல்ல பழக்கம்.

இஜிஎஃப் சேர்க்கும் கணத்தில்தான் கவனிக்காத தவறு ஒன்று நடக்கிறது. பழைய ஊடகத்தை முழுக்க எடுத்துவிட்டு இஜிஎஃப் கலந்த புது ஊடகத்தை வேகமாக ஊற்றினால், ஊற்றிய விசையும் வெப்ப மாற்றமுமே ஈஆர்கே-யைக் கொஞ்சம் தட்டி எழுப்பும். குழியில் 900 மைக்ரோலிட்டர் ஊடகத்தை வைத்துக்கொண்டு, 37 டிகிரிக்குச் சூடாக்கிய பத்து மடங்குச் செறிவான இஜிஎஃப் கரைசல் 100 மைக்ரோலிட்டரை ஓரமாக விட்டு மெல்லச் சாய்த்துக் கலக்குங்கள். இஜிஎஃப் இல்லாத குழிக்கும் அதே பிஎஸ்ஏ கரைசல் 100 மைக்ரோலிட்டர் போக வேண்டும். ஒன்றும் சேர்க்காமல் விடப்பட்ட குழி சரியான ஒப்பீடு அல்ல. நேரங்களாக 0, 2, 5, 10, 30, 60 நிமிடம் எடுங்கள். 60 நிமிடக் குழிக்கு முதலில் சேர்த்து 2 நிமிடக் குழிக்குக் கடைசியில் சேர்த்தால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தலாம்.

நிறுத்துவது பனிக்கட்டியின் மேல். ஊடகத்தை உறிஞ்சி, 1 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட் கலந்த பனிக்குளிர் பிபிஎஸ்ஸால் ஒருமுறை அலசுங்கள். பிறகு எனக்குப் பிடித்த வழி, குழிக்கு 100 முதல் 150 மைக்ரோலிட்டர் சூடான லெம்லி கரைசலை (புரதங்களை அவிழ்த்து ஜெல்லுக்குத் தயார்செய்வது) நேராக ஊற்றிச் சுரண்டி, 95 டிகிரியில் 5 நிமிடம் வைப்பது. பாஸ்படேஸ் எல்லாம் அந்த நொடியே செத்துவிடும். டிஎன்ஏ கொழகொழப்பை மெல்லிய ஊசியால் இழுத்து உடைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் புரத அளவைச் சாதாரண முறையில் அளக்க முடியாது. அளந்தே ஆக வேண்டுமென்றால் செல்லைக் கரைக்க ரைபா கரைசல். அதில் வனடேட் 1 மில்லிமோலார், சோடியம் ஃப்ளோரைடு 10 முதல் 50 மில்லிமோலார், புரோட்டியேஸ் தடுப்பான்கள். வனடேட்டைத் தூளாக அப்படியே போட்டால் பயனில்லை. 200 மில்லிமோலார் கரைசலை பிஎச் 10-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் நிறம் மறையும்வரை கொதிக்கவைத்து, ஆறவைத்து, மீண்டும் பிஎச் பார்த்து, நிறமற்று நிலைக்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். மஞ்சளாக இருப்பது ஒன்றோடொன்று ஒட்டிய வனடேட். அது பாஸ்படேஸைத் தடுக்காது. ஈடிடிஏ-யும் டிடிடி-யும் வனடேட்டைச் செயலிழக்கச் செய்பவை. ரைபாவில் அவை இருக்கின்றனவா என்று செய்முறையைப் படியுங்கள்.

பிளாட்டுக்கு இரண்டே குறிப்பு. 170 கிலோடால்டன் ஏற்பிக்கு 7.5 விழுக்காடு ஜெல், 42, 44-இல் வரும் ஈஆர்கே-க்கு 10 அல்லது 12. இரண்டையும் ஒரே ஜெல்லில் பார்க்க ஆசைப்பட்டால் சரிவு ஜெல் வாங்குங்கள். பாஸ்போ ஆன்டிபாடிகளுக்குப் பால்பொடியைவிட 5 விழுக்காடு பிஎஸ்ஏ-யைத் தடுப்பாகப் பயன்படுத்துங்கள்: பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்புலம் கறுத்துவிடும்.

இஜிஎஃப்புக்குச் சொன்ன இந்த நேரமும் அளவும் எல்லா வளர்ச்சிக் காரணிக்கும் பொருந்தாது. இன்சுலினின் ஏற்பி முன்கூட்டியே சோடியாகப் பிணைந்தே இருக்கும். பிடிஜிஎஃப் தானே இரட்டையாக வந்து இரண்டு ஏற்பிகளையும் சேர்த்துப் பிடிக்கும். அங்கே பசை உவமை ஓரளவு சரி. எஃப்ஜிஎஃப்2-வுக்கு ஹெபரான் சல்ஃபேட் துணை வேண்டும், 37 டிகிரியில் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். ஹெப்பாரின் சேர்த்தால் தாங்கும். டிஜிஎஃப்-பீட்டா பெயரில்தான் டிஜிஎஃப்-ஆல்ஃபாவுக்கு உறவு: அதன் ஏற்பி டைரோசினை விட்டு செரீனிலும் திரியோனினிலும் பாஸ்பேட் ஏற்றும், ஸ்மேட்2-ஐ 30 முதல் 60 நிமிடத்தில் பார்க்க வேண்டும், கரைப்பதும் பெரும்பாலும் 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்.

சித்தியின் அறிக்கைக்கு வருகிறேன். ஆம், ஹெர்2 இஜிஎஃப்ஆர்-இன் நேர் உறவு. இந்தக் குடும்பத்தில் நால்வர். ஹெர்2-வுக்குத் தனக்கென்று காரணி எதுவும் இல்லை. அதன் வெளிப்பகுதி எப்போதும் நிமிர்ந்தே, சோடிக்குக் காத்திருக்கும் நிலையில் இருக்கிறது. ஹெர்3-இன் கைனேஸ் மிகப் பலவீனம். ஆனால் அதன் வாலில் பிஐ3கே ஒட்டும் இடங்கள் ஆறு. இரண்டும் சேர்ந்தால்தான் குடும்பத்திலேயே வலுவான செய்தி பிறக்கிறது. சில மார்பகப் புற்றுநோய்களில் 17-ஆம் குரோமோசோமிலுள்ள ஹெர்2 மரபணு பல படிகளாகப் பெருகி, சவ்வு முழுக்க ஹெர்2 நெருக்கிக்கொண்டு நிற்கும். காரணி இல்லாமலே சோடி சேரும். 3+ என்றால் கட்டிச் செல்களில் 10 விழுக்காட்டுக்கு மேல், சவ்வைச் சுற்றி முழுமையாகவும் அடர்த்தியாகவும் நிறம் ஏறியிருக்கிறது என்று பொருள். 2+ வந்திருந்தால் மரபணுப் படிகளை எண்ணும் ஃபிஷ் சோதனை செய்திருப்பார்கள். 3+ வந்தால் ஹெர்2 மருந்துக்கு உரியவர் என்று கொள்ளலாம்.

ஹெர்2 மருந்துகளில் டிராஸ்டுசுமாப் ஹெர்2-வின் நான்காம் பகுதியில் ஒட்டுகிறது. பெர்டுசுமாப் இரண்டாம் பகுதியில், அதாவது சோடி சேரும் அந்த நீட்சியிலேயே ஒட்டி ஹெர்3-ஓடு சேரவிடாமல் தடுக்கிறது. வேறு வேறு இடம் என்பதால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க முடிகிறது. டிராஸ்டுசுமாப் நரம்பு வழியாகக் கொடுத்தால் வழக்கமாக முதல் முறை கிலோவுக்கு 8 மில்லிகிராம், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 6 மில்லிகிராம். இதயத் தசையும் தன்னைக் காக்க ஹெர்2-வைப் பயன்படுத்துவதால், தொடங்கும் முன்பும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ எடுப்பார்கள். சித்திக்கு மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே சொல்லச் சொல்லுங்கள். டிராஸ்டுசுமாப் அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்றது. ஆனாலும் விலை காரணமாகத் தென்னாப்பிரிக்காவில் பலருக்கு அது நெடுங்காலம் எட்டவில்லை. அதற்காகப் போராடிய டொபேகா டாக்கி, தமக்கே அந்த மருந்து கிடைக்காமல் 2016-இல் காலமானார். அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்: இந்த மருந்து சித்திக்கு உண்டா, எப்போது தொடங்கும் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

அடுத்து நீங்கள் ஓட்ட வேண்டிய பிளாட் இது. ஹீலாவும் எம்டிஏ-எம்பி-231-உம் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் பிஎஸ்ஏ மட்டும், இஜிஎஃப் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் 5 நிமிடம், ஜெஃபிட்டினிப் (இஜிஎஃப்ஆர் கைனேஸைத் தடுப்பது) 1 மைக்ரோமோலார் ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுத்து இஜிஎஃப், யு0126 (மெக்கைத் தடுப்பது) 10 மைக்ரோமோலார் அரை மணி முன்னதாகக் கொடுத்து இஜிஎஃப், பிஎம்ஏ (ஏற்பி இல்லாமலே ஈஆர்கே-யை எழுப்புவது) 100 நானோமோலார் 15 நிமிடம். இவற்றோடு ஜெஃபிட்டினிப் மட்டும் கொடுத்த ஒரு குழியும், யு0126 மட்டும் கொடுத்த ஒரு குழியும். எல்லாக் குழிக்கும் மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு, 0.1 விழுக்காட்டுக்கு மிகாமல். இஜிஎஃப் இல்லாத அடித்தளப் பட்டையை ஜெஃபிட்டினிப் குறைத்தால், சீரம் சரியாக நீங்கவில்லை அல்லது செல்லே காரணியைச் சுரந்து தன் ஏற்பியைத் தூண்டுகிறது. ஜெஃபிட்டினிப் அசைக்காமல் யு0126 மட்டும் துடைத்தெடுத்தால், செய்தி ஏற்பிக்குக் கீழே ராஸிலோ ராஃபிலோ பிறக்கிறது. எம்டிஏ-எம்பி-231-இல் நீங்கள் காணப்போவது இதுவாகத்தான் இருக்கும். யு0126-க்கும் பட்டை மறையவில்லை என்றால் ஆன்டிபாடியையோ மருந்தையோ சந்தேகியுங்கள். பிஎம்ஏ குழியில்கூடப் பட்டையே இல்லை என்றால் செல்லை விட்டுவிட்டு வனடேட்டையும் ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றிய படியையும் முதலிலிருந்து பாருங்கள்.